ஜூம் ஜாஸ்தியான கேமரா

நேற்று அண்ணன் மகள் சுகன்யாவின் கல்யாணம். மண்டபத்துக்கும் வீட்டுக்கும் அலைந்து அலைந்து கால் இரண்டும் வெந்நீர் கேட்கின்றன. சட்டையில் இன்னும் சந்தன வாடை. அதைக் கழற்றித் துவைக்கப் போடக்கூட அலுப்பாக இருக்கிறது. அதனால் உட்கார்ந்தபடியே உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் மண்டபங்களில் மேடை ஓரம் பெரிய திரை வைத்துவிடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். காலமான அப்பாவோ அம்மாவோ அதில் வந்து சிரிப்பார்கள், சனம் மூக்கை உறிஞ்சும். சுகன்யா ஐந்தாவது படிக்கும்போதே அண்ணன் மாரடைப்பில் போய்விட்டான். அப்போது எங்கள் வீட்டில் யார் போனிலும் கேமரா கிடையாது. கல்யாணத் தேதி குறித்த அன்றே அவள் என்னிடம் வந்தாள். அப்பா போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு அசையவைத்து ஒருவர் காட்டினாராம். "அது அப்பா சிரிப்பு இல்ல சித்தப்பா. உங்க பழைய வீடியோல அப்பா வர்றது கொஞ்சம் இருந்தாகூட போதும்" என்றாள். பை நிறைய கேசட் இருக்கிறது, இல்லாமலா போகும் என்று பெரிய மனுஷனாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பரணிலிருந்து ரெக்சின் பையை இறக்கித் திறந்ததும் அந்துருண்டை வாடை குப்பென்று அடித்தது. அதற்கும் அடியில் புதுச் சாமான் பிரிக்கும்போது வரும் பிளாஸ்டிக் வாடை ஒன்று. இத்தனை வருஷம் அது தங்கியா இருக்கும், என் மூக்கின் பிரமைதான். ஆனால் அந்தப் பிரமை என்னைத் தேரடி வீதியில் இருந்த ஒரு கடைக்குக் கொண்டுபோய்விட்டது.

நானும் அண்ணனும் சேர்ந்துதான் போனோம். குடும்பத்துக்கு ஒரு வீடியோ கேமரா, கையைக் கடிக்காத விலையில். அதற்கு முந்தைய மாதம் முழுக்க, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் அண்ணன் ஃபைல் பார்த்ததைவிட கேமரா வைத்திருப்பவர்களிடம் விசாரித்ததுதான் ஜாஸ்தி. சின்ன கேசட் போடுவதா, டிஸ்க் போடுவதா என்று ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பினார்கள். கேசட் கேமராதான் விலை கம்மி என்பதால் அந்தக் குழப்பம் தானாகத் தீர்ந்தது.

கடைசியில் இரண்டு கேமரா நின்றன. ஒன்றில் வீட்டுக்குள் மங்கலான வெளிச்சத்திலும் முகம் தெளிவாக விழும். இன்னொன்றின் பெட்டியில் ஜூம் என்று போட்டு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு பெரிய நம்பர். கடைக்காரர் பாவம், நல்லவர். வீட்டு விசேஷத்துக்கு முதலாவதுதான் லாயக்கு, அந்த நம்பரை நம்பாதீர்கள், அவ்வளவு இழுத்தால் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும் என்றார். அண்ணன் கேட்கிற ஆளா? இரண்டாவதை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துப் பிடித்தான். பட்டனை அழுத்த அழுத்த உச்சிப் பாறை கிட்டே வந்துகொண்டிருந்தது.

"கை நீட்னா தொட்டுடலாம் போல கீதுடா. இதையே வாங்கிக்கலாம்."

எனக்கும் வாயைப் பிளக்கத்தான் தெரிந்தது. மலையையே சாமியாகக் கும்பிடுகிற எங்கள் ஊர்க்காரனிடம் அதைக் காட்டி எதையும் விற்றுவிடலாம்.

வீட்டுக்குள் அந்தக் கேமராவுக்குக் கண் தெரியாது. அதனால் பிறந்தநாள் கேக், விருந்தாளிகளோடு டீ, அண்ணி வடாம் பிழிந்தது எல்லாம் மொட்டைமாடிக்கு ஏறின. மாடி என்றால் மலை தெரியும். மலை தெரிந்தால் அண்ணனுக்குக் கை நிற்காது. ஒன்று கேமராவைப் பிடுங்கிக்கொள்வான், இல்லை என் தோளைப் பிடித்து மலைப்பக்கம் திருப்புவான். நான் எடுத்ததும் பெரிய லட்சணமில்லை, பாதிப் பேருக்குத் தலை இருக்காது.

இப்போது அந்தக் கேமராவின் சார்ஜர் செத்துப்போயிருந்தது. பழைய கேசட்டை மாற்றித் தருகிற ஒருவரைத் தேடிப்பிடித்து, பென் டிரைவில் ஏற்றி வாங்கி வந்தேன். அண்ணியும் சுகன்யாவும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். மலை வந்தது. மழைக்குப் பிந்தைய மலை, வெயிலில் மலை, தீபத்தன்று புள்ளி புள்ளியாக ஒரு மஞ்சள் பொட்டு. ஃபிராக் போட்ட சுகன்யா கேக் வெட்டக் கத்தியை எடுக்கிறாள், படம் ஒரு ஆட்டம் ஆடுகிறது, மறுபடி மலை. அண்ணன் வரவே இல்லை. கடைசி கேசட்டும் முடியப் போகிறது, அந்தப் பெண் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அப்போது மேகம் மூடிய மலை ஒன்று வந்தது, கூடவே அவன் குரல். கேமரா பிடித்திருந்த என்னிடம் பேசுகிறான்.

"மூஞ்சிங்க எங்கடா போவப் போவுது? தெனம் பாக்கறதுதான. இரு, மேகம் வெலகட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ரிமோட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். சுகன்யா மட்டும் அழவில்லை.

"அப்பா சிரிப்பு இதான் சித்தப்பா. இதையே போடலாம்."

நேற்று முகூர்த்தத்துக்கு முன்னால் திரையில் மலை வந்தது. சாமி படம் போடுகிறார்கள் என்று நினைத்து முன்வரிசையில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னால் யாரோ அரோகரா சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் அவன் குரல் எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த சுகன்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

இன்று காலை பால் வாங்கப் போனபோது மலையைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. அங்கேயே நின்று அண்ணன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். மூக்கு வருகிறது, மீசை வருகிறது. சிரிக்கும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்பதுதான் வரவில்லை.