எங்கள் நகரின் முதல் குடி

செஞ்சிக்கு வெளியே, வேர்க்கடலை விளைந்த மணிலாக் கொல்லைகளை மனை போட்டு விற்றதில் உருவானது எங்கள் நகர். போன மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நகரின் வரலாற்றை எழுதிவைக்க முடிவு செய்தோம். முதல் வரியிலேயே சண்டை வந்துவிட்டது. இங்கே முதலில் குடிவந்தது தான்தான் என்றார் என் கணவர். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரோ, இல்லை, தான்தான் என்றார். அந்தக் காலத்து ராஜாக்கள்கூட நம் செஞ்சிக் கோட்டைக்காக இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கூட்டத்துக்கு டீ கொண்டுவந்த தெருமுனைக் கடைக்கார அம்மா இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், உங்க ரெண்டு பேரு வூடும் கட்டுறப்போ சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருந்தது யாரு? கரண்டுகூட இல்லாத எடத்துல கொட்டாய் போட்டுக்கினு நான்தான இருந்தேன்?"

இருவரும் டீயை எடுத்துக் குடித்தார்கள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் அவரிடம் டீ வாங்கியிருக்கிறேன், எப்போது இங்கே வந்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வரலாற்றில் முதல் பெயராக அவருடைய பெயரையே எழுதினோம். அதோடு சண்டை ஓய்ந்தது என்று நினைத்தேன். இரண்டாம் இடத்தையாவது பிடித்துவிட வேண்டும் என்று, எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையைத் தேடி என் கணவர் இப்போது பரண்மேல் ஏறியிருக்கிறார்.