அன்னபேதியும் எலுமிச்சம்பழமும்

துபாயில் பதினோரு வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்த எனக்கு விவசாயத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பயிர் மஞ்சளானால் யூரியா போடணும். மரக்காணம் உப்பளத்துக்கு மேற்கே என் மனைவிக்கு அவளைப் பெற்ற அத்தா கொடுத்த முக்கால் ஏக்கர் இருக்கிறது. வெயில் காலத்தில் தரையெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கும். அதில் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, போடலாம் என்று அவள்தான் சொன்னாள். மழை உப்பைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு போனதும் மார்கழியில் விதைத்தோம்.

முளைப்பெல்லாம் ஜோராக இருந்தது. மூன்றாம் வாரம் கொழுந்து மஞ்சளடிக்க ஆரம்பித்தது. அவளிடம் சொல்லாமல் நானே வைத்தியம் பார்த்தேன். ஒரு வாரத்தில் கொழுந்து காகிதம் மாதிரி வெளுத்துப்போனது.

"என்னத்தப் போட்டீங்க?"

"கொஞ்சம் யூரியா."

"கொஞ்சம்னா?"

"ஒரு மூட்டை."

அவள் இரண்டு செடியை வேரோடு பிடுங்கி, பிரியாணிக் கடை கவரில் போட்டுக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்கு பஸ் ஏறிவிட்டாள். நான் பைக்கில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன்.

அங்கிருந்த அதிகாரி இளவயதுப் பெண். ஃபைல்களை ஒதுக்கிவிட்டுச் செடியை மேசைமேல் பரப்பினார்.

"பாய், அடி இலை பச்சையாத்தானே இருக்குது? கொழுந்துதான் மஞ்சள். அதுலயும் நரம்பு பச்சை. இது யூரியா கேக்கலைங்க, இரும்புச்சத்து கேக்குது."

"எங்க மண்ணுல இரும்பே இல்லீங்களா?"

"இருக்குதுங்க. மண்ணுல உப்பும் காரமும் ஜாஸ்தி, அதனால வேரால எடுக்க முடியல. இலைக்கே நேரா ஊட்டிடுங்க."

ஒரு லிட்டர் தண்ணிக்குப் பத்து கிராம் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, கூடவே எலுமிச்சம்பழச் சாறு. கலந்த உடனே சாயங்காலத்தில் அடிக்க வேண்டும், வைத்தால் துருவாகிவிடும் என்றார். பூத்த பிறகு மண் அணைக்கும்போது ஜிப்சம் போடச் சொன்னார். அதில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து இல்லாவிட்டால் காய் பருப்பில்லாமல் பொக்காகிவிடுமாம்.

அன்று சாயங்காலம் அவள் பழம் பிழிய, நான் ஸ்பிரேயரைத் தூக்கினேன். கூட இருந்தால் நல்லதுதானே என்று முதல் டேங்கில் மட்டும் ஒரு கைப்பிடி அதிகமாகப் போட்டேன். மறுநாள் நாலு வரிசையில் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. அதைவிட மோசம், அடித்த கையோடு அதே வெள்ளைச் சட்டையில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்வுக்குப் போய்விட்டேன். பந்தியில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், மார்பெல்லாம் துருப் புள்ளி. பக்கத்தில் இருந்தவர் அக்கறையாகக் கேட்டார்: "என்ன பாய், லேத்துல வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?"

பத்து நாள் கழித்து இரண்டாவது தடவை அடித்தோம். அதற்கடுத்த வாரம் அவள் வரப்பில் குந்தியபடி என்னைக் கூப்பிட்டாள். புதுக் கொழுந்து பச்சையாக வந்திருந்தது. அவள் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன். அடுத்த செடியையும் தடவிப் பார்த்தேன்.

ஜிப்சம் போட்ட அன்று கடைசி மூலைக்கு வருவதற்குள் மூட்டை தீர்ந்தது. "இது போதும்" என்றேன். அவள் முறைத்தாள்.

பிடுங்கும் நாளில் அவள் நேராக அந்த மூலைக்குத்தான் போனாள். ஒரு கொத்தை உதறி, காயை உடைத்து என் கையில் வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மற்ற இடத்திலெல்லாம் பருப்பு திரண்டு நின்றது. உப்பில்லாத மேட்டுக்கொல்லை அளவுக்கு விளைச்சல் இல்லைதான். ஆனால் உப்பளத்து ஓரம் இவ்வளவு காய் பார்த்ததில்லை என்று பிடுங்க வந்தவர்களே சொன்னார்கள்.

பச்சை மல்லாட்டையை அவித்து ஒரு தூக்குச்சட்டி நிறைய ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனோம். அதிகாரி உரித்துத் தின்றுகொண்டே சொன்னார்: "அடுத்த விவசாயிங்க கூட்டத்துல நீங்க பேசணும் பாய்."

"நானா? எனக்கு என்னங்க தெரியும்?"

"எதெல்லாம் பண்ணக் கூடாதுன்னு உங்களைவிட யாருங்க நல்லா சொல்லுவாங்க?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கூட்டத்தில் பேசினேன். யூரியா மூட்டையிலிருந்தே ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.