எங்கள் சேனலுக்கு வந்த முதல் நிஜ போன்

2006-ஆம் வருடம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் படிக்கப் போன நான், படிப்பைத் தவிர மற்ற எல்லா வேலைகளையும் பொறுப்பாகச் செய்துகொண்டிருந்த காலம். அதில் ஒன்று டி.வி. தொகுப்பாளர் வேலை. உடனே வாயைப் பிளக்காதீர்கள். ஒரு சந்துக்குள், கேபிள் கண்ட்ரோல் ரூமின் மாடியில், கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவையும் ஒரு நீலத் துணியையும் வைத்து ஓட்டிய மியூசிக் சேனல் அது. கேபிள் உரிமையாளரைத் தெருவே மாமா என்றுதான் கூப்பிடும். "என்னை ஏன் மாமா எடுத்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "வந்தவனுங்கள்ல நீ ஒருத்தன்தான் சட்டைய இன் பண்ணியிருந்த" என்றார்.

தினமும் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை நேரலை. நேயர்கள் போன் செய்து பாட்டுக் கேட்க வேண்டும். வில்லங்கம் என்னவென்றால், தமிழ்நாடு முழுக்கத் தெரியும் அந்தப் பெரிய மியூசிக் சேனலிலும் அதே நேரத்தில் அதே மாதிரி நிகழ்ச்சி. அங்கே பேசுகிறவர்கள், "ரெண்டு மாசமா ட்ரை பண்றேங்க, இன்னைக்குத்தான் லைன் கெடைச்சுது" என்று அழாத குறையாகச் சொல்வார்கள். எங்களுக்கு லைன் எப்போதும் கிடைக்கும். பேசத்தான் ஆள் இல்லை.

ஆகவே நானே ஓர் ஏற்பாடு செய்தேன். என் அறைத்தோழன் பஸ் ஸ்டாண்டு ஒரு ரூபாய் போனிலிருந்து விதவிதமான குரலில் கூப்பிடுவான். திங்கட்கிழமை புவனகிரி வாத்தியார், செவ்வாய்க்கிழமை பரங்கிப்பேட்டை மீன்காரர், புதன்கிழமை சேத்தியாத்தோப்பு அக்கா. எங்கள் கேபிள் சேத்தியாத்தோப்புப் பக்கமே போகவில்லை என்பது எங்களுக்கும் தோன்றவில்லை, பார்த்தவர்களுக்கும் தோன்றவில்லை. பார்த்தவர்கள் என்று யாராவது இருந்தால்! அவனுக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கைவசம் இருக்கும் பதினோரு பாட்டுக்குள்தான் கேட்க வேண்டும்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு புதன்கிழமை, பாட்டுக் கேட்டு முடித்த சேத்தியாத்தோப்பு அக்கா பழக்கதோஷத்தில், "வரட்டா மச்சான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். கீழே டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மாமா படியேறி வந்தார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரே ஒரு நெச போன் வரணும். இல்லன்னா லைவ நிறுத்திட்டு பழைய படம் போட்டுடுவேன். நீ போயி படிக்கிற வழியப் பாரு."

படிப்பதா? அறைக்குப் போய் நண்பனைக் காய்ச்சி எடுத்தேன். அவனும் விடவில்லை. "இருடி மச்சான், லைவ்லயே உன்னய சிக்க வெக்கிறேன் பாரு" என்று சபதம் போட்டான்.

வெள்ளிக்கிழமை. நான்கரை மணி வரை போன் செத்த எலி மாதிரி கிடந்தது. நான் பதினோரு பாட்டில் ஆறைப் போட்டுத் தீர்த்துவிட்டேன். அப்போது மணி அடித்தது. பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"சார்... கிள்ளையிலேருந்து பேசுறேன். டைலர் கடை வச்சிருக்கேன். கல்யாண நாள மறந்துட்டேன் சார். வீட்ல நாலு நாளா எங்கிட்ட பேசல. ஒரு பாட்டு இருக்கு, அவுங்களுக்கு அதுன்னா உசுரு..."

சொன்னார். எங்கள் பதினொன்றில் இல்லாத பாட்டு! குரல் வேறு நடுங்கிக் குழைகிறது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. படுபாவி, இல்லாத பாட்டைக் கேட்டு என்னைச் சிக்க வைக்கிறான். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"டேய், போதும்டா நடிச்சது! ஒனக்கெல்லாம் எவடா பொண்ணு குடுத்தா, கோச்சிக்கிட்டு பேசாம இருக்க? முந்தாநாளு சேத்தியாத்தோப்பு அக்காவா பேசுனவன்தான நீ?"

சொல்லிவிட்டு வெற்றியோடு நிமிர்ந்தேன். கேமராவுக்குப் பின்னால் என் நண்பன் நின்றுகொண்டிருந்தான். கையில் டீ கிளாஸ். திறந்த வாய் மூடவில்லை.

அவன் இங்கே நிற்கிறான் என்றால், போனில் இருப்பது யார்?

ஸ்பீக்கரில் "சரிங்க சார்" என்று மெல்லிய குரல் வந்தது. லைன் துண்டிக்கப்பட்டது. வாராது வந்த ஒரே நிஜ போனை நானே விரட்டிவிட்டேன். போதாக்குறைக்கு எங்கள் திருட்டுத்தனத்தையும் என் வாயாலேயே ஊருக்கு ஒளிபரப்பிவிட்டேன். மாமா மேலே வந்து, பழைய படத்தின் சிடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுபடி மணி அடித்தது. எடுத்தேன்.

"யார்ரா அவன், எம்புருஷன டேய்னு சொன்னவன்?"

"அக்கா, மன்னிச்சிக்குங்க..."

"எவடா பொண்ணு குடுத்தான்னு கேட்ட இல்ல? எங்கம்மாதான்டா குடுத்தா! அவரத் திட்டணும்னா நான் திட்டுவேன், நீ யார்ரா?"

பின்னாலிருந்து டைலரின் குரல், "விடும்மா, புள்ள தெரியாம பேசிட்டான்..." என்றது.

"நீங்க சும்மா இருங்க!"

அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒரே ஆர்ப்பாட்டம். "சார்! எங்கிட்ட பேசிட்டாங்க சார்! சார், பேசிட்டாங்க!" என்று அவர் கத்துகிறார். அந்த அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "பாட்டு வருமா வராதா?" என்று அதட்டினார்.

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் டீ கிளாஸை மாமா கையில் திணித்துவிட்டு, அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கு வீதி சிடி கடைக்குப் பறந்தான். மணி நான்கு நாற்பது. அவன் வரும்வரை நான் எதையாவது பேசியாக வேண்டும். நீலத் துணிக்கு முன்னால் கைகட்டி நின்று, வாத்தியார், மீன்காரர், அக்கா எல்லாம் ஒரே ஆள்தான் என்று வரிசையாக ஒப்புக்கொண்டேன். பிறகு போன் ஓயவே இல்லை. திட்டியவர்கள் பாதி, சிரித்தவர்கள் பாதி. ஒருவர் மட்டும் மிகவும் மனம் உடைந்து, "அந்த சேத்தியாத்தோப்பு அக்காவுக்கு ஒரு பாட்டு டெடிகேட் பண்ணலாம்னு இருந்தேனேங்க" என்றார். "அந்தப் பெரிய சேனல்தான் பாத்துக்கிட்டு இருந்தோம், பக்கத்து வீட்ல கத்துனாங்க, திருப்புனோம்" என்று ஒரு பெண் சொன்னபோது, மாமா டீ கிளாஸோடு துள்ளிக் குதித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நான்கு ஐம்பத்தாறுக்கு நண்பன் வேர்த்து விறுவிறுத்து வந்தான். பாட்டு ஓடியது. அது முடியும்வரை ஒரு போனும் வரவில்லை. கிள்ளையில் அந்த வீட்டு டி.வி.யை நினைத்துக்கொண்டு நான் நின்றுகொண்டே இருந்தேன்.

நேரலை தப்பித்தது. ஆனால் சேனல் இன்னும் நாலு மாதம்தான் தாக்குப்பிடித்தது. பெரிய சேனலில் படம் கண்ணாடி மாதிரி தெரியும். எங்கள் சேனலில் சித்திரை மாதத்திலும் மழை பெய்யும். மாமா ஒருநாள் அமைதியாக அதை நிறுத்தினார்.

இப்போது ஓர் அலுவலகத்தில் புகார் போன்களை எடுப்பது என் வேலை. யாராவது தயங்கித் தயங்கிப் பேசினால் நான் குறுக்கே பேசுவதில்லை, சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். ஊரே கேட்க மனைவியிடம் சமாதானம் பேசத் துணிந்த ஒரு மனிதர், என் கேலியைக் கேட்ட பிறகும் "சரிங்க சார்" என்றுதான் சொன்னார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.