குடிலுக்கு விதைத்த கேழ்வரகு

இன்று மகளின் கஞ்சி மாவுக்காகக் கேழ்வரகை வறுத்தபோது எழுந்த வாசனை, திருத்தணி மலையடிவாரத்தில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்து வண்டி நிறுத்துமிடமாக்கிவிட்ட ஓட்டு வீட்டுக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே எங்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் அம்மாவே எனக்கும் தம்பிக்கும் பாடம் நடத்தினாள். காலையில் ஜெபம், பிறகு வாய்ப்பாடு, மலையிலிருந்து அரோகரா சத்தம் இறங்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டுச் பைபிள் சங்கீதம் ஒப்பிப்பது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வேண்டுமென்று ஆளுக்கொரு தட்டில் ஈரமண் பரப்பிக் கேழ்வரகு விதைப்போம்.

ஒரு வருஷம் பக்கத்து வீட்டாரோடு மலையேறிப் பஞ்சாமிர்தம் தின்றுவிட்டு, இல்லவே இல்லை என்று அம்மாவிடம் சாதித்தேன். அடுத்த வாரம் விதைத்ததில் தம்பியின் தட்டு பச்சென்று நிறைந்தது; என் தட்டில் ஒரு முளைகூட இல்லை.

"பொய் சொல்றவ வெதச்சா எப்டி மொளைக்கும்? ஏசப்பா பாத்துகினுதான் இருக்காரு" என்றாள் அம்மா.

விதைத்த அன்று அவள் என் உள்ளங்கையில் கொட்டிய கேழ்வரகிலும் இதே வறுத்த வாசனைதான் அடித்தது. வறுத்தது முளைக்காது என்பதை மட்டும் அவள் பாடத்தில் சொல்லித்தரவில்லை.

போனில் கேட்டேன். "ஆங், வறுத்துதான் குடுத்தேன். அதான் நீ ஒழுங்கா வளந்த" என்றாள்.

அந்த வீட்டில் பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் முழங்காலிட்டிருக்கிறேன்.