வெயில் காலத்து அட்டை

அக்கரபத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பழனியாண்டிக்கு அட்டைக்கடி ஆள் என்று பெயர். மற்றவர்கள் ஒரே மூச்சில் ஏறும் மேட்டில் அவர் பாதியில் நிற்பார், குனிவார், கெண்டைக்காலிலிருந்து எதையோ பிடுங்கி எறிவார்.

"அண்ணே, மலையில உள்ள அட்டைக்கெல்லாம் நீங்கதான் சோறு போடுறீங்களா?" என்பார் கூட வெட்டும் அழகன்.

"ஒன் ரத்தம் புளிக்குதாம்டா. அதான் என்கிட்ட வருதுங்க."

பிடுங்கியது பொய். ஏறும்போது இடது கெண்டைக்காலை முறுக்கிப் பிழிவதுபோல் வலிக்கும். நின்றால் சற்று நேரத்தில் விட்டுவிடும். ஏறினால் மறுபடி பிடிக்கும். சதா நனைந்திருக்கும் மலையில் அட்டை பிடுங்குபவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை.

வலியைச் சொல்லாததற்குக் காரணம் கணேசமூர்த்தி. அதே லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக்காரர். ரத்த ஓட்டம் இல்லையென்று அவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மேட்டில் ஊன்றக் கால் இல்லாதவன் கவ்வாத்து வெட்ட முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தனக்கும் அதுதான் என்று பழனியாண்டி முடிவு கட்டியிருந்தார்.

மாட்டிக்கொண்டது மாசியில். மனைவி ஜீவராணியோடு கோயிலுக்குப் போகையில், தார் ரோட்டு ஏற்றத்தில் பழக்க தோஷமாகக் குனிந்துவிட்டார்.

"என்னாங்க தேடுறீங்க?"

"அட்ட."

"மழ பேஞ்சே எத்தன நாளாவுது. இந்த வெயில்ல, தார் ரோட்டுல அட்டையா? எங்க, காட்டுங்க பாப்போம்."

காட்ட ஒன்றுமில்லை. கோயில் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த வாரமே ஜீவராணி அவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

டொக்டர் கையில் பிரஷர் பார்த்தார், பிறகு கணுக்காலிலும் பார்த்தார். இடது காலில் குறைவு. காலுக்கு ரத்தம் போகும் குழாய் சுருங்கியிருக்கிறது, அதில் பல வருடப் பீடிக்குப் பெரிய பங்கு என்றார். அவர் சிங்களத்தில் மேலும் சொன்னதை நர்ஸ், ரிஸ்லா மிஸ்ஸி, தமிழில் சொன்னார்: "கால்ல இப்புடின்னா நெஞ்சுலயும் இருக்கலாமாம். மாரடைப்பு, பாரிசவாதம் வர இடமிருக்கு. அதையும் பாத்துருவோம்."

காலுக்குப் பயந்து வந்தவருக்கு இப்போது நெஞ்சும் சேர்ந்துகொண்டது. ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் முடிந்து இருவரும் வாங்குப் பலகையில் காத்திருந்தார்கள்.

இருதயத்தில் இப்போதைக்குப் பழுது தெரியவில்லை என்று முடிவு வந்தது.

"அப்ப கால வெட்டணுமா, மிஸ்ஸி?"

கேள்வி டொக்டருக்குப் போனது. அவர் சிரித்துவிட்டுத் தானே தமிழில் சொன்னார்: "வெட்ட வேணாம். நடக்க வேணும்."

வலி வரும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடப்பதும் வைத்தியம்தானாம். பீடி அடியோடு கூடாது. மாத்திரையை விடக் கூடாது. காலில் புண் வந்து ஆறாவிட்டால் உடனே வர வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் நடந்தார்கள். பாதித் தூரத்தில் கால் பிடித்தது.

"வலிக்குது. கொஞ்சம் நில்லு," என்றார் பழனியாண்டி, எல்லோருக்கும் கேட்கும்படி.

"நல்லா நில்லுங்க. இந்த பஸ் போனா அடுத்த பஸ்."