என்னைக் காபி குடிக்க அனுப்பியவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நடந்தது இது. நாகமலை புதுக்கோட்டையில் இருந்த என் அக்காவின் மகளுக்கு அன்று காதுகுத்து. நானும் என் கணவரும் கிளம்பி வந்திருந்தோம். "இன்னிக்கு ஒரு நாள் தொடமாட்டேன்" என்று காலையில் என் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, "வெத்தலை வாங்கிட்டு வாரேன்" என்று போனவர், வெகுநேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். சாராயக் கடைகளை மறுபடி திறந்திருந்த காலம். பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து தூங்கிப்போனார்.

எனக்கு இது புதிதில்லை. அவர் விழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கடிகாரத்துக்கும் செருப்புக்கும் எங்கள் மானத்துக்கும் காவல் இருப்பேன். மறுநாள் அவர் ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்புவேன். அக்காவுக்குக்கூட எதுவும் தெரியாது. இதைத்தான் நான் குடும்பம் நடத்துவது என்று நினைத்திருந்தேன்.

அன்றும் புடவைத் தலைப்பால் அவர் முகத்தில் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலங்காநல்லூர் பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு பெண் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"எம்புட்டு நேரமாக்கா இங்க இருக்கீங்க? சாப்பிட்டீகளா?"

அவரைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, "அவருக்கு இப்ப ஒண்ணும் இறங்காது" என்றேன்.

"நான் உங்களக் கேட்டேன்."

என்னை யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"எங்கண்ணனும் இப்படித்தான். ஆத்தா கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம்னு மாத்தி மாத்திப் பாத்துக்கிறோம். ஒத்தையில பாத்தா நீங்க படுத்துருவீங்க. போயி மூஞ்சியக் கழுவி, ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. நான் இருக்கேன்."

"எந்திரிச்சு எங்கயாச்சும் போயிட்டார்னா?"

"போனா தேடிக்குவோம்."

'தேடிக்குவோம்' என்று, என்னோடு தன்னையும் சேர்த்துச் சொன்னாள். முன்பின் தெரியாதவளை நம்பலாமா, கட்டினவரைத் தெருவில் விட்டுவிட்டுப் போகலாமா என்று எதுவும் புரியாமலேயே எழுந்து நடந்தேன்.

ஒரு லாட்ஜின் கீழே இருந்த ஓட்டலில் முகம் கழுவி, காபி குடித்தேன். வெளியே வந்தால், நாகமலை புதுக்கோட்டை பஸ் எதிரே நிற்கிறது. ஏன் ஏறினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காற்று முகத்தில் பட்டதும், இப்படியே போய்விடலாம் என்று தோன்றியது. அதில் ஒரு சந்தோஷம், உடனே ஒரு பயம். கண்டக்டர், "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். "இறங்கணும்" என்றேன். கொஞ்ச தூரத்தில், காளவாசலில் இறக்கிவிட்டார்.

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். அவர் லாரியில் அடிபட்டிருப்பார், போலீஸ் கூட்டிப் போயிருக்கும் என்று என்னென்னவோ நினைப்பு. வந்து பார்த்தால், அவர் எழுந்து உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். கடிகாரம் கையில் இருந்தது. ஒன்றுமே ஆகவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. கூடவே ஒரு ஏமாற்றம். நான் இல்லாவிட்டால் இவர் செத்துப்போவார் என்று அத்தனை வருடம் நம்பியிருந்தேனே, அப்படியானால் நான் யாருக்காக இப்படி உட்கார்ந்திருந்தேன்?

"எங்க போன?" என்றார் அவர்.

"நாந்தேன் அனுப்பிச்சேன்" என்று அவள் சொன்னாள். எனக்காக இரண்டு பஸ்ஸை விட்டிருக்கிறாள் என்று சோடாக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. "யார்கிட்டயாச்சும் சொல்லி வைங்கக்கா. சொந்தத்துல ஒருத்தர் போதும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

அந்த வாரமே, காதுகுத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்ட அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் திட்டவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவருக்குச் சோறு போட்டு, என்னைத் தூங்கச் சொல்வாள். அதனால் அவர் குடியை விட்டுவிடவில்லை. பல வருடம் கழித்து வைத்தியம் பார்த்தார், விட்டார், மறுபடி தொட்டார், கடைசியில் ஒருவழியாக நின்றது. எதனால் நின்றது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அதுவரை நான் படுத்துவிடாமல் இருந்தேன்.

அன்று பஸ்ஸில் ஏறியது சரியா, இறங்கியது சரியா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை, ஆனால் நோயாளியின் பக்கத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் யாரையாவது பார்த்தால், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.