ஒன்பது எழுதாத கை

வங்கதேசத்தில் மேக்னா ஆற்றங்கரையில் பன்னிரண்டு ஊர்களுக்கு ஆக்கெல் மிர்தா என்றால் சாவு கேட்க வருகிறவர். வீட்டிலேயே செத்துப்போகிறவர்களுக்கு டாக்டர் சீட்டு ஏது? எனவே நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் அவர் குடையும் படிவமுமாகப் படலைத் திறந்துகொண்டு வருவார். காய்ச்சல் எத்தனை நாள், சளியில் ரத்தம் இருந்ததா, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். ஊர்க்கோடியில் உள்ள ஆராய்ச்சி ஆபீஸ் அந்தத் தாளை டாக்காவுக்கு அனுப்பும். அங்கே இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்து இன்ன நோய் என்று முடிவு கட்டுவார்கள். இரண்டு பேருக்கும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது டாக்டர்.

ஆக்கெல் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை இல்லை. அந்த வருஷம் வெள்ளம் பள்ளிக்கூடத்தையே அள்ளிக்கொண்டு போய்விட்டது. முதலில் ஆபீஸ் படகுக்குத் துடுப்புப் போட்டார். படகில் வந்த படித்த பிள்ளைகள் கிராமத்துப் பெண்களிடம் கேள்வி கேட்கத் தெரியாமல் விழிப்பதைப் பார்த்து, துடுப்பை வைத்துவிட்டு இவரே கேட்டார். அன்றோடு துடுப்புக்கு முழுக்கு. கேள்வித்தாளில் 'சுவாசக் கோளாறு' என்று பெரிய எழுத்தில் இருந்ததை அடித்துவிட்டு, 'தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாரா' என்று மாற்ற வைத்தவரும் அவரே. சும்மா சொல்லக் கூடாது, வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். போட்டோ இருக்கிறது.

படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே எண்கள். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு, தெரியாது என்றால் ஒன்பது. முப்பத்தேழு வருஷத்தில் ஆக்கெல் மிர்தாவின் கை ஒன்பது எழுதியதில்லை. அதற்கு அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. தேதி தெரியாத ஜனங்களிடம் தேதியைக் கேட்டு என்ன பிரயோஜனம்? படகுத்துறை இடிந்து ஆற்றில் விழுந்த நாள், மீன்காரன் ஹாரானின் கறவைமாடு கால்வாயில் விழுந்த நாள், சணல் ஊறப்போட்ட வாரம், இலிஷ் மீன் முதலில் வந்த சந்தை எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். "மாடு விழுந்ததுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

தெரியாது என்று சொல்லும் ஆண்களை மட்டும் அவர் விட்டதில்லை. ஒருமுறை மனைவியைப் பறிகொடுத்த ஹாரான் பதில் தெரியாமல் தலையைச் சொறிந்தபோது எல்லார் முன்னாலும் கேட்டார்: "இருபது வருஷமா ஒரே பானைச் சோறு தின்னுருக்கே. அவளுக்கு எப்ப வலி வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? அப்ப யார்கிட்டய்யா குடும்பம் நடத்துன?" கூட்டம் சிரித்தது. ஹாரான் அதன்பிறகு அவரைக் கண்டால் வேறு வரப்பில் போவான்.

ஹாரான் மட்டுமா? அவர் குடை தெரிந்தாலே பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். கல்யாண வீட்டில் அவரைக் கூப்பிட்டால் ஓர் ஓரத்தில் உட்காரவைப்பார்கள். அது வேலைக்கு உண்டான மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஓய்வுபெற்று இரண்டு வருஷம். நோட்டில் தேதி எழுதுவதை மட்டும் விடவில்லை. ஆனாலும் காலையில் குடையை இடுக்கிக்கொண்டு ஆபீசுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போவார். மத்தியானம் வரை அவர் எழுதிய சாவுகளின் கதை நடக்கும். கேட்க ஆள் இல்லாவிட்டால் கடைக்காரருக்கு நடக்கும். ஆவணி மாதம் ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு ஜொமிலாவின் புருஷன் சைக்கிளில் வந்து இறங்கி, ஆக்கெலின் மனைவி சூர்ஜோபானு போய்விட்டாள் என்று சொன்னார். மஸ்கட்டில் இருக்கும் மகன் போனில் அழுதான். சாந்த்பூரிலிருந்து வந்த மகள் நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு முற்றத்துக்கு ஒரு காக்கை வந்தால்கூட ஆக்கெல் எட்டிப் பார்த்தார்.

ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். எந்தச் சாவையும் ஆபீஸ் விடாது. சொந்த வீட்டுச் சாவைச் சொந்தக்காரர் எழுதக் கூடாது என்று சட்டம். வேறு ஆள் வரும். நாற்பத்திரண்டாம் நாள் முற்றத்தைப் பெருக்கினார். ஜொமிலா வீட்டில் ஒரு நாற்காலி இரவல் வாங்கினார். பொரியும் பேரீச்ச வெல்லமும் வாங்கி வைத்தார். குறையே இல்லாத ஒரு படிவத்தைச் சூர்ஜோபானுவுக்குக் கொடுத்துவிட வேண்டும், இந்தப் பன்னிரண்டு ஊரிலும் அப்படி ஒன்று இருக்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை மொர்ஜினா வந்தாள். நாற்பது வயது, அவரோடு பத்து வருஷம் வேலை பார்த்தவள். கையில் தாள் இல்லை, டேப்லெட்.

"உக்காருங்க சாச்சா. இன்னிக்கு நீங்க பதில் சொல்ற ஆளு."

"எனக்கே கேள்வியா? இந்தக் கேள்வியையெல்லாம் திருத்துனது யாரு?"

"நீங்கதான். ஆபீஸ் சுவத்துக்குக்கூடத் தெரியும்."

"இப்ப டாக்டர் படிக்கிறதில்லையாமே? கம்ப்யூட்டரே என்ன நோய்னு சொல்லிடுதாமே?"

"ஆமா. ஆனா அது டீ கேக்காது, வெல்லமும் கேக்காது. நான் கேப்பேன்."

அவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. டீ வைத்துக் கொடுத்தார். கேள்வி தொடங்கியது. பெயர், வயது, பிள்ளை பெற்ற வருஷங்கள் எல்லாவற்றுக்கும் அவள் கேட்டு முடிக்கும் முன் பதில் வந்தது.

"உயிர் போன நேரம்?"

"பதினொண்ணு இருபது. கடிகாரத்தப் பாத்தேன்."

"அது உங்களுக்குச் சேதி வந்த நேரம்ல, சாச்சா?"

ஆக்கெல் டீயை ஒரு மடக்கு குடித்தார். "சரி. அதுக்குக் கொஞ்சம் முன்னால."

"எத்தனை நாளா முடியாம இருந்தாங்க?"

"நாளா? காலையில நல்லாத்தான் இருந்தா. சோறு போட்டா. நான் கிளம்புனேன்."

"கால்ல வீக்கம் இருந்துச்சா?"

சூர்ஜோபானுவின் கால் கண்ணுக்கு வரவில்லை. சேலைக் கரை வந்தது, தட்டை வைக்கும் கை வந்தது. கால் வரவில்லை.

"மல்லாந்து படுத்தா தூக்கித் தூக்கி மூச்சு வாங்குனாங்களா?"

அவர் போட்ட வார்த்தைகள். ஒரு சொல் மாறவில்லை. ஆடியிலிருந்தே அவள் சமையலறைப் பக்கம் மூங்கில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். புழுக்கம் என்றாள். அவரும் புழுக்கம் என்றே வைத்துக்கொண்டார்.

"நாள் சொல்ல வரலைன்னா பரவாயில்ல சாச்சா. சணல் ஊறப்போட்டதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அவரிடம் கற்றதை அவரிடமே கேட்டாள். சணல் ஊறப்போட்ட வாரம் நோட்டில் இருந்தது. அந்த வாரம் டீக்கடையில் என்ன கதை சொன்னார் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது.

எப்படிச் சொன்னால் கம்ப்யூட்டர் இருதயம் என்று தீர்ப்புச் சொல்லும் என்று அவருக்குத் தெரியாதா? ஐயாயிரம் தாள் எழுதியவர். வீக்கம் பதினாலு நாள், மூச்சு வாங்கல் பத்து நாள், நெஞ்சுவலி ஒரு நாள். டாக்டர் என்ன, கம்ப்யூட்டரும் சந்தேகப்படாது.

"பதினாலு..." என்று தொடங்கினார்.

மொர்ஜினாவின் விரல் டேப்லெட் கண்ணாடிக்கு மேலே நின்றது. "பதினாலு நாளா?"

முற்றத்தில் ஜொமிலாவின் கோழி கொத்திக்கொண்டிருந்தது. அது ஒரு சுற்று சுற்றி வருவதை அவர் பார்த்தார்.

"ஒன்பது போடு," என்றார்.

"சாச்சா..."

"போடுன்னா போடு. வீக்கத்துக்கு ஒன்பது. மூச்சுக்கு ஒன்பது. எனக்குத் தெரியல."

மொர்ஜினா போடவில்லை. "கூட இருந்து பாத்தவங்க வேற யாராச்சும் இருக்காங்களா? சட்டப்படி நான் அதையும் கேக்கணும்."

அந்தக் கேள்வியையும் எத்தனையோ வீடுகளில் அவர் கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் ஆண்கள் எழுந்துபோய் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். ஆக்கெலும் எழுந்தார்.

ஜொமிலா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். "இதுக்குத்தான் கேட்டீங்களா பாய்? நான் யாரோ மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. மொர்ஜினா கேட்டாள். ஜொமிலாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"படகுத்துறை இடிஞ்சுச்சுல்ல, அன்னிக்கு மறுநாள்லருந்து கால் வீக்கம். செருப்பு ஏறல. என் வீட்டுக்காரர் செருப்பத்தான் போட்டுக்கிட்டா. அப்புறம் தண்ணிக்குடம் தூக்கிட்டு வர்றதுக்குள்ள மூணு தடவ உக்காருவா. சணல் ஊறப்போட்ட வாரம் படுக்கவே முடியல."

ஆக்கெல் கேட்டார்: "என்கிட்ட ஏன் சொல்லல?"

ஜொமிலா மொர்ஜினாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நானும் சொல்லச் சொன்னேன் பாய். 'வேணாம்டீ, நோட்டத் தூக்கிக்கிட்டு எந்தத் தேதின்னு கேப்பாரு. மறுநாள் டீக்கடையில கதையாயிடும்'னா. சொல்லிட்டுச் சிரிச்சா."

மொர்ஜினா ஒவ்வொன்றாக அழுத்தி முடித்தாள். கடைசியில் டேப்லெட் பதில் சொன்னவர் பெயரைக் கேட்டது. ஜொமிலா காத்தூன் என்று பதிந்தாள். ஆக்கெல் அதை எட்டிப் பார்த்தார். "வீட்ல இப்ப எத்தனை பேரு சாச்சா?" என்று மொர்ஜினா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அதையும் கேட்டே ஆக வேண்டும்.

"ஒண்ணு."

"நல்ல படிவம் சாச்சா. ஒரு ஒன்பதுகூட இல்ல," என்றாள் போகும்போது. நல்லெண்ணத்தில்தான் சொன்னாள்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆக்கெல் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டினார். குடை இல்லை, நோட்டு இல்லை. ஜொமிலா அடுப்படியில் இருந்தாள்.

"ஜொமிலா. வேற என்ன சொல்லுவா அவ?"

"எதப் பத்தி பாய்?"

எதைப் பற்றி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி.

"சும்மா. என்ன வேணாலும்."

"சோறு வடிச்சிட்டு வரேன் பாய்," என்று உள்ளே போனாள்.

ஹாரானின் வீட்டிலும் இப்படித்தான் வாசலில் காத்திருந்திருக்கிறார். அன்று கையில் பேனா இருந்தது. இன்று நாற்காலியைக் கீழே வைக்கவும் தோன்றாமல், அதைப் பிடித்தபடியே நின்றார்.